நாற்பத்தாறாம் எண் பை

அத்தியாயம் 14

நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போன மனிதர் மதுக்கரையில் வெள்ளியங்கிரி ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தப் பயத்துக்கு வயது ஒன்பது நாள்.

அவருடைய ஒரே மகள் யுவஸ்ரீ துடியலூரில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மனிதர் விடும் மூச்சின் வாடையை வைத்து, நுரையீரலில் கட்டி இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரிக்கும் பெட்டி ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் எட்டு சென்சார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாடையைப் பிடிக்கும். எட்டும் சேர்ந்து சந்தேகப்பட்டால் சிவப்பு விளக்கு எரியும். பெட்டி சொல்வது சரிதானா என்று சோதிக்க, சுண்ணாம்புக்கல் அரவையில் வருஷக்கணக்காகத் தூசி தின்ற அறுபது பேரின் மூச்சைப் பைகளில் பிடித்தார்கள். முப்பத்தோரு வருஷம் அரவையில் நின்ற வெள்ளியங்கிரிக்கு நாற்பத்தாறாம் எண் பை.

அதற்கு விதிகள் உண்டு. வெறும் வயிறு; அதற்காகத்தான் விடிகாலை. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பீடி சிகரெட் ஆகாது. பை நிரம்பி வால்வை மூடும்வரை மூச்சு எடுக்க வந்தவர் பக்கத்திலேயே நின்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, 'இவர் ஊதியதை நேரில் பார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு யுவஸ்ரீ அப்பாவின் கையில் பையைக் கொடுத்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கம்பெனியை நடத்தும் நிதீஷ். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. வாசலுக்குப் போய்ப் பேசினாள். நான்கு நிமிஷம் இருக்கும்.

வெள்ளியங்கிரி அதற்கு அரை மணி நேரம் முன்புதான் டீக்கடைக்குப் பின்னால் நின்று ஒரு பீடி இழுத்துவிட்டு வந்திருந்தார். இனிமேல் தொடமாட்டேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பை காட்டிக்கொடுத்துவிடும்.

"பொன்னா, நீ ஊதிப்போடு" என்று பையை மனைவியிடம் நீட்டினார்.

"நானுங்களா? பாப்பா வைவாளுங்க."

"முப்பத்தஞ்சு வருசமா ஒரே ஊட்டுக் காத்தத்தான ரெண்டு பேரும் மூச்சு உடறோம்? யாரு ஊதுனா என்ன? வெசையா ஊது, வந்துருவா."

பொன்னாத்தாள் சிரித்துக்கொண்டே ஊதினாள். ஒரே மூச்சு. வெள்ளிக் காகிதம் போல மினுங்கிய பை கும்மென்று உப்பிக்கொண்டது. "நோம்பிக்கு விக்கற பலூனாட்டவே இருக்குதுங்க" என்று சொல்லிக் கணவர் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்த யுவஸ்ரீ, அப்பா கையில் நிரம்பிய பையைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அறுபது பைகளில் சிவப்பு விளக்கு எரிந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

*

விளக்கு எரிந்ததை மகள் சொன்ன அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெள்ளியங்கிரிக்கும் அது தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் வேறு ஒரு கணக்குப் போட்டார்.

அரவையில் நின்றது யார்? நான். பீடி குடித்தது யார்? நான். கெட்டது எதுவும் இருந்தால் என் நெஞ்சில்தான் இருக்க வேண்டும். பெட்டி வீட்டுக் காற்றில் என் வாடையைப் பிடித்திருக்கும். ஸ்கேன் எடுப்போம், என்னிடம் இருக்கிறது என்று வரட்டும். பொன்னாத்தாளின் பெயரே இதில் வரவேண்டாம்.

அறிவில்லாத கணக்கு என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் ஒன்பது நாளாக அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

பொன்னாத்தாளுக்கு விளக்கு எரிந்த விஷயமே தெரியாது. அம்மா பயந்துவிடுவாள் என்று யுவஸ்ரீயும் சொல்லவில்லை. "கம்பெனிக்காரங்க எல்லாத்துக்கும் ஸ்கேன் எடுக்கறாங்களாமா" என்று மட்டும் அவர் சொல்லி வைத்திருந்தார்.

காலை ஏழு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் டிபன் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"இட்லி வெச்சிருக்கறனுங்க."

"வெறும் வயித்தோட வரச் சொல்லீருக்காங்க. ரத்தமும் எடுப்பாங்களாம்."

"அப்ப எனக்கும் இப்ப வேண்டாம். சேதி வந்ததும் போன் பண்ணுங்க."

"நீ தின்னுட்டுப் போ புள்ள. எனக்கெதுக்கு நீ பட்டினி?"

அவள் டிபன் பாத்திரத்தை மூடி வைத்தாள். அவள் பக்கத்து அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலுக்கு உதவியாள். இருபத்திரண்டு வருஷத்தில் பாதிக்கு மேல் விறகடுப்புதான். கேஸ் அடுப்பு வந்தது அப்புறம். வாசல்படியில் செருப்பை மாட்டக் குனிந்தவள் இருமினாள். இருமல் சட்டென்று நிற்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இருமல்?"

"பனிங்க."

பங்குனி மாதத்தில் ஏது பனி என்று வெள்ளியங்கிரி கேட்கவில்லை.

*

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து, படம் டாக்டர் மேசைக்கு வர மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. டாக்டர் ரித்திகாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் வெள்ளியங்கிரியின் நெஞ்சை மேலிருந்து கீழாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். யுவஸ்ரீ துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஐயா, தூசி படிஞ்ச தழும்பு கொஞ்சம் இருக்குதுங்க. பழசு. அதுக்கு மருந்து தர்றேன். கட்டி எதுவும் இல்லீங்க."

யுவஸ்ரீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நல்லாப் பாத்தீங்களாம்மா?" என்றார் வெள்ளியங்கிரி.

"பாத்துட்டனுங்க."

"மூலையில, கீழ்க்கடைசியில, சின்னதா எதாச்சு... பொட்டாட்டம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இல்லைனு சொல்லச் சொல்லி எங்கிட்டக் கெஞ்சுவாங்க. இருக்குதுனு சொல்லச் சொல்லிக் கேக்கறது நீங்க ஒருத்தருதான்."

வெள்ளியங்கிரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யுவஸ்ரீ அவர் முதுகைத் தடவினாள். "அதான் ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்களேப்பா" என்று அவளும் அழுதாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர். அவர் பார்வை வெள்ளியங்கிரியின் வலது கை விரல்களில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சள் பூத்திருந்தன. "பீடி இன்னும் இருக்குதுங்களா?"

மகள் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டினார்.

யுவஸ்ரீ அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும் போங்க. இன்னைக்கு நீங்க என்ன சொன்னாலும் எனக்குக் கோவம் வராது. நாளைல இருந்து தொட்டீங்கன்னா பாத்துக்கங்க" என்றாள்.

இவ்வளவுதானா? ஒரு சொல்லில் கரைந்து போகக்கூடிய இதற்காகவா அந்தப் பையை மனைவியிடம் நீட்டினோம் என்று வெள்ளியங்கிரி நினைத்தார்.

வெளியே வந்ததும் யுவஸ்ரீ செய்த முதல் காரியம், அவர் தடுப்பதற்குள் நடந்துவிட்டது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஒன்பது நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"அம்மா, உங்ககிட்ட மறைச்சுப்போட்டேன், வையாதீங்க. அப்பா பையில சிவப்பு லைட்டு எரிஞ்சிருச்சும்மா. கட்டியா இருக்குமோனு உசுரே போயிருச்சு. இப்ப ஸ்கேன் பாத்தாச்சு. அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லீங்க! சுத்தமா ஒண்ணுமில்ல!"

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று வெள்ளியங்கிரிக்குக் கேட்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி கண்ணுன்னாங்க. வெச்சுட்டாங்க" என்றாள் யுவஸ்ரீ. "சந்தோசத்துல அம்மாளுக்குப் பேச்சே வரல."

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் அவருக்கு நான்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள். மறுக்கத் தெரியாமல் தின்றார்.

*

துடியலூர் கம்பெனி ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே ஒருவரும் சந்தோஷமாக இல்லை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லைங்கறது ரொம்ப நல்ல சேதிங்கண்ணா" என்று வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்துச் சொன்னான் நிதீஷ். தாராபுரம் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பத்துப் பையன். முப்பத்திரண்டு வயது. அவனைப் பார்த்ததும் வெள்ளியங்கிரி எழுந்து நின்றார். யுவஸ்ரீ அவர் தோளை அழுத்தி மறுபடியும் உட்கார வைத்தாள்.

"ஆனா எங்க பொட்டிக்கு இது நல்ல சேதி இல்லீங்க" என்று தொடர்ந்தான். "அறுபதுல எரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் தப்பு. மூணு மணிக்கு ஆய்வுக்குழு வருது. அடுத்த நானூறு பேருக்குச் சோதனை பண்ண உடறதா, இத்தோட நிறுத்தறதான்னு இன்னைக்கு முடிவு பண்ணீருவாங்க."

யுவஸ்ரீ நாற்பத்தாறாம் எண் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்த நேரம், பெட்டிக்குள் போன நேரம், அறையின் வெப்பம், வால்வின் சீல். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"எல்லாமே சரியா இருக்குதுங்க சார். எங்க தப்புன்னே தெரியல."

"பை மாறிப்போச்சா?"

"இல்லீங்க."

"நீ பக்கத்துலயே நின்னு பாத்தியில்ல?"

அவள் விரல் அந்தக் கடைசி வரியில் நின்றது. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து. 'யு'வுக்குக் கீழே ஒரு சுழி போட்டுத்தான் எழுதுவாள்.

அன்றைக்கு நான்கு நிமிஷம் அவள் வாசலில் நின்றிருந்தாள். அவள் வாசலில் நின்றதற்குக் காரணமான போனைப் பேசியது நிதீஷ்தான். அவனுக்கு அது நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது என்பது அவள் காது மடல் சிவந்ததிலேயே வெள்ளியங்கிரிக்குத் தெரிந்தது.

"கையெழுத்துப் போட்டிருக்கறேனுங்களே" என்றாள்.

"அதான் கேக்கறேன். இந்தக் கையெழுத்துதான் நமக்கு எல்லாமே. இதுல ஒரு சந்தேகம்னு வந்துச்சுன்னா நாப்பத்தாறு மட்டுமில்ல, நீ எடுத்த இருவத்தி மூணு பையையும் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க. உன்னைய வெச்சுக்க என்னாலயும் முடியாது." சொல்லிவிட்டு நிதீஷ் வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினான். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. குழுவுல கேப்பாங்க. அந்தப் பைய ஊதுனது நீங்கதானுங்களே?"

யுவஸ்ரீ நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

வெள்ளியங்கிரியின் அப்பா ஆயுசு முழுக்கக் கைநாட்டு வைத்தவர். தோட்டத்துக்காரர் நீட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருந்ததென்று கடைசி வரை தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அந்த வம்சத்தில் ஒருத்தியின் கையெழுத்தை நம்பித்தான் இந்தக் கம்பெனியே நிற்கிறது என்று ஒருவன் சொல்கிறான்.

"நாந்தானுங்க ஊதுனேன்" என்றார்.

*

மணி ஒன்றேகால். கம்பெனிக்குக் கீழே வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வெள்ளியங்கிரியின் சட்டைப்பையில் போன் அடித்தது. பொன்னாத்தாள்.

பின்னால் தட்டுகள் மோதும் சத்தமும் பிள்ளைகளின் இரைச்சலும் கேட்டன.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"பாப்பா சொன்னா."

"ம்."

"ஏனுங்."

"சொல்லு."

"அந்தப் பைய நான்தானுங்களே ஊதுனேன்."

வெள்ளியங்கிரி கூண்டின் தகரத்தைப் பிடித்துக்கொண்டார். "மெசினு தப்பாச் சொல்லிருச்சுங்கறாங்க பொன்னா. இங்கயே பேசிக்கிட்டாங்க. அது புது மெசினு, தப்புப் பண்ணுமாம்."

"அப்படிங்களா."

தட்டுகளின் சத்தத்தை விட்டு அவள் சற்றுத் தள்ளிப் போவது கேட்டது.

"ரெண்டு மாசமா இருமல் இருக்குதுங்க. போன வாரம் துப்புனப்ப நூலாட்ட ரத்தம். ஒரே ஒருக்காதான்."

"ஏம் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பீடி குடிச்சத எங்கிட்டச் சொன்னீங்களா? மோந்து பாத்துத்தான தெரிஞ்சுக்கறேன்."

அவர் மஞ்சள் பூத்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இங்க பாருங்க" என்றாள் பொன்னாத்தாள். குரல் தணிந்திருந்தது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல. "பாப்பாகிட்ட இத மூச்சு உட்டுப்போடாதீங்க. அவ பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கறா. பொய்யின்னு தெரிஞ்சா வேலையவிட்டு அனுப்பிருவாங்க. நம்மளால அவளுக்கு அப்படி ஆகப்படாது. எனக்கு இது அடுப்புப் புகை இருமல். கசாயம் வெச்சுக் குடிச்சாப் போயிரும்."

"பொன்னா..."

"அக்கா, சாம்பார் வாளி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"வாரேன் சாமி" என்றாள் அந்தக் குரலுக்கு. போன் அணைந்தது.

வெள்ளியங்கிரி மேட்டுப்பாளையம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். காந்திபுரம் பஸ் ஒன்று போயிற்று. இன்னொன்று போயிற்று. ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் வீடு. கசாயத்துக்கு மிளகும் சித்தரத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். பெட்டி தப்பு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். மகள் வேலை இருக்கும். மனைவி இருமிக்கொண்டிருப்பாள்.

எத்தனை நாளைக்கு?

மூன்றாவதும் போனது, அதற்குப் பின் வந்த பல பஸ்களும் போயின. அவர் மாடிப்படி ஏறினார்.

*

யுவஸ்ரீ குழுவுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மணி இரண்டு நாற்பது.

"கண்ணு, செத்த இப்படி வா."

"என்னங்கப்பா? களைப்பா இருக்குதா? ஆட்டோ சொல்லட்டுமா?"

"அந்தப் பைய நான் ஊதல."

அவள் கையில் இருந்த நாற்காலி அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அப்பா, எனக்கோசரம் பொய் சொல்லாதீங்க. பொட்டியக் காப்பாத்தறக்கு நீங்க இப்படியெல்லாம் சொல்லப்படாது. சார் காதுல விழுந்தா..."

"பொய்யில்ல சாமி. நீ வாசல்ல போன் பேசீட்டு இருந்தீல்ல. நான் அன்னைக்குப் பீடி குடிச்சிருந்தேன். உனக்குத் தெரிஞ்சுருமேன்னு..."

"அப்ப யாரு ஊதுனா?"

அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தது மூன்றே பேர்.

யுவஸ்ரீ தான் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"ஒம்பது நாளுப்பா" என்றாள். "ஒம்பது நாளு கையில வெச்சுட்டு இருந்திருக்கறீங்க."

"எனக்கு இருக்கோணும்னு வேண்டீட்டு இருந்தேன்."

"யாருக்கு இருக்குதுன்னு வேண்டி மாத்த முடியுமா? அம்மா இருமறாங்களா?"

"ரெண்டு மாசமா. ரத்தமும் ஒருக்கா."

அவள் எழுந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. நேராக மேசைக்குப் போய் நாற்பத்தாறாம் எண் கோப்பை எடுத்துக்கொண்டு நிதீஷ் அறைக் கதவைத் தட்டினாள். வெள்ளியங்கிரி பின்னாலேயே போனார்.

நிதீஷ் அவள் சொன்னது முழுவதையும் கேட்டான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"யுவஸ்ரீ, இன்னும் பதினஞ்சு நிமிசத்துல அவங்க வந்துருவாங்க. அம்மாவ நாளைக்கே டாக்டர்கிட்டக் காட்டலாம், நானே பேசறேன். இந்தத் தாளு மட்டும் இன்னைக்கு இப்படியே இருக்கட்டும். நாளைக்குச் சொல்லிக்கலாம். ஒரு நாளுதான்."

"நான் போட்டது பொய்க் கையெழுத்துங்க சார்."

"அது இங்க இருக்கற மூணு பேருக்கு மட்டும்தான் இப்பத் தெரியும்."

"எங்கப்பனும் நானும் நாலு நிமிசந்தானன்னு உட்டதுலதான் இவ்வளவும்." பேனாவை எடுத்தாள். தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே, 'ஊதியதை நான் நேரில் பார்க்கவில்லை' என்று எழுதினாள். தேதி, நேரம், மறுபடி கையெழுத்து. 'யு'வுக்குக் கீழே சுழி. "மத்த இருவத்தி ரெண்டும் நான் கண்ணால பாத்ததுங்க. அத நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்கு இப்ப ஒரு பையும் பொட்டியும் வேணும். எங்கம்மா சும்மா கூப்ட்டா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க."

நிதீஷ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். 'முடியாது' என்று சொல்லப்போகிறான் என்றுதான் வெள்ளியங்கிரிக்குத் தோன்றியது. அவர் கை தானாகக் கும்பிடப் போனது.

"நீங்க கும்பிடாதீங்கண்ணா" என்றான் நிதீஷ் எரிச்சலாக. எழுந்து போய் அலமாரியைத் திறந்து பெட்டியை அவனே எடுத்து வைத்தான். மேலே புதுப் பை ஒன்று. "ராத்திரி பொட்டி இங்க வந்துரணும். குழு என்ன சொல்றாங்கன்னு கூப்படறேன். உன் வேலையும் அதுலதான் இருக்குது. கூப்ட்டா உடனே போன எடு."

*

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் மதுக்கரை வந்து சேர நாலே முக்கால். பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி பின்னால் உட்கார்ந்து வந்தார்.

பொன்னாத்தாள் குளித்துச் சேலை மாற்றி, பாயில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மகள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்த பார்வையில் அவருக்குக் கண் தாழ்ந்தது.

"சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிப்போட்டேன்."

"உங்க வாயி பீடிக்கு மட்டுந்தான் மூடியிருக்கும்."

"அம்மா, காலைல கெளம்பணுங்க. டாக்டரம்மாகிட்டப் பேசியாச்சு. நாளைக்கு எட்டு மணிக்கு ஸ்கேன்" என்றாள் யுவஸ்ரீ.

"எனக்கென்ன? கல்லாட்ட இருக்கறேன். இருநூறு பேருக்குச் சோறு வடிச்சுட்டு வந்துதான் உக்காந்திருக்கறேன். பீடி குடிச்சவரு நெஞ்சு சுத்தமா இருக்குதாமா, எனக்கு வந்துருச்சாமா?"

"வந்துருச்சுன்னு பொட்டி சொல்லாதுங்கம்மா. பாக்கச் சொல்லும். அவ்வளவுதான்."

"எம் பேரே அந்தப் பொட்டிக்குத் தெரியாது. அரவைக்காரங்களுக்கு மட்டுந்தான பையி குடுத்தீங்க? அடுப்புக்கிட்ட நின்னவள யாரு கேட்டா?"

யுவஸ்ரீ அம்மாவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தாள்.

பொன்னாத்தாள் கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தாள். "சரி. ஒண்ணு பண்ணலாம். அன்னைக்கு ஒரே மூச்சுல ஊதுனேன், உங்கப்பனக் கேளு. இன்னைக்கும் ஊதறேன். லைட்டு எரிஞ்சா நாளைக்கு வாரேன். எரியலைன்னா ஆசுபத்திரிங்கற பேச்சே இந்த ஊட்டுல ஆகாது. சம்மதமா?"

"வெறும் வயித்துல ஊதணுங்கம்மா. இப்ப எடுத்தாச் சரியா வராது."

"காலைல இருந்து பச்சத்தண்ணிதான்."

"ஏனுங்கம்மா?"

"உங்கப்பன் பட்டினியாப் போனாரு. சேதி தெரியாம எனக்கு எப்படி எறங்கும்?"

"சேதிதான் பதினொரு மணிக்கே சொல்லீட்டனே..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே யுவஸ்ரீ நிறுத்திக்கொண்டாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்பது அம்மாவுக்கு வேறு சேதி. மெஸ்ஸில் தின்ற நான்கு இட்லி வெள்ளியங்கிரியின் நெஞ்சில் ஏறி நின்றது.

யுவஸ்ரீ பையைப் பிரித்தாள். கழுத்துப் பக்கத்தில் நீலக்கோடு. மூச்சு அந்தக் கோடு வரைக்கும் வந்தால்தான் பெட்டி எடுத்துக்கொள்ளும். படிவத்தை எடுத்து மடியில் வைத்தாள். பெயர் என்ற இடத்தில் 'பொன்னாத்தாள்' என்று எழுதினாள். கையெழுத்துக்கான வரியை வெறுமையாக விட்டாள்.

"வாய் கொப்புளிச்சுட்டு வாங்க. நல்லா மூச்ச இழுத்து, நிதானமா உடுங்க. வால்வ நான்தான் மூடுவேன்."

"தெரியும் போடி. எனக்குப் பழக்கம்" என்று சிரிக்கப் பார்த்தாள் பொன்னாத்தாள்.

குழாயை வாயில் வைத்தாள். பை சலசலத்து விரிந்தது. கால் பங்கு.

சுவரோரம் வைத்திருந்த யுவஸ்ரீயின் போன் அதிர்ந்தது. வீட்டுக்குள் எப்போதும் கிடைக்காத சிக்னல் அன்றைக்கு எப்படியோ கிடைத்திருந்தது. திரையில் நிதீஷின் பெயர். வெள்ளியங்கிரி அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

அரைப் பங்கு. அங்கே பொன்னாத்தாளின் தோள்கள் குலுங்கின. குழாயை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் முந்தானையை விரித்துப் பார்க்காமலே சுருட்டி இடுப்பில் செருகினாள். அப்பாவும் மகளும் அதைப் பார்த்தார்கள்.

யுவஸ்ரீ வால்வை விரலால் அடைத்தபடி பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரே மூச்சில் கும்மென்று உப்பிய பை, பாதியில் தொய்ந்து கிடந்தது.

வெள்ளியங்கிரியின் கை தானாக நீண்டது. 'கொண்டா பொன்னா, மீதிய நான்...' நாக்கு நுனி வரை வந்த சொல். பாதி தூரத்தில் கை நின்றது. அதை இழுத்து இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொண்டார்.

போன் நின்று, மறுபடியும் அதிர ஆரம்பித்தது.

பொன்னாத்தாள் குழாயைக் கேட்டுக் கையை நீட்டினாள். மகள் கொடுத்தாள்.

"அவசரமில்லீங்கம்மா" என்றாள் யுவஸ்ரீ. "நான் பாத்துட்டேதான் இருக்கறேன்."